ராவ்னோகிராடின் லட்சமாவது ஆள்

வெனெத்தாவுக்கு வேண்டியிருந்தது ஒரு கதவு. திரை அல்ல, கதவு. மூடினால் மூடிக்கொள்ள வேண்டும். தாழ்ப்பாளும் இருந்தால் இன்னும் நல்லது.

கல்யாணமாகி மூன்று வருஷமாக அவளும் ட்ராகோமிரும் குடியிருந்தது டயர் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த ஒரே ஓர் அறையில். அறையின் நடுவே கம்பி கட்டிப் பூப்போட்ட திரை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம் இவர்கள். அந்தப் பக்கம் மாமியார் ஸ்லாத்தா, அவளுடைய கட்டில், அவளுடைய முட்டைக்கோஸ் பீப்பாய். குளிர்காலத்துக்காக முட்டைக்கோஸை உப்புநீரில் ஊறப்போட்டால் அந்த நீரை அடிக்கடி கலக்கிவிட வேண்டும். அதற்கென்று ஸ்லாத்தா ஒரு ரப்பர் குழாய் வைத்திருந்தாள். அதைப் பீப்பாய்க்குள் விட்டு வாயால் ஊதுவாள். புருஷனும் பெண்டாட்டியும் குசுகுசுவென்று ஏதாவது பேசத் தொடங்கும் நேரமாகப் பார்த்துத்தான் திரைக்கு அப்பால் குளுகுளு குளுகுளு என்று சத்தம் கிளம்பும். அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் வெனெத்தா கர்ப்பமானதை ட்ராகோமிர் தன் வாழ்க்கையின் சாதனைகளில் ஒன்றாகவே நினைத்துக்கொண்டிருந்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஸ்லாத்தா அந்த அறையில் குடியிருக்கவே இல்லை. அதாவது, அரசாங்கக் குடியிருப்புப் பதிவுப்படி இல்லை. பதிவை நகரத்துக்கு மாற்றினால் கிராமத்துக் கொல்லையும் அதிலிருந்த பிளம் மரங்களும் இரண்டு பன்றி வளர்க்கிற உரிமையும் போய்விடும். அதனால் அவள் மாற்றவில்லை. யார் வந்து கேட்டாலும், "நான் விருந்தாளி. மகனைப் பாக்க வந்திருக்கேன்" என்பாள். மகனைப் பார்க்க வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

வெனெத்தாவின் கதவு இப்படி இருக்க, நகரமன்றத் தலைவர் தோழர் கான்செவுக்கு வேண்டியிருந்தது ஒரு வட்டம்.

பள்ளிக்கூட வரைபடத்தில் சின்ன ஊர்களுக்கு வெறும் புள்ளி. ஒரு லட்சம் பேர் சேர்ந்துவிட்ட ஊர்களுக்குப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம். தலைநகர் சோஃபியா, ப்ளோவ்டிவ், வர்னா எல்லாம் எப்போதோ வட்டம் வாங்கிவிட்ட ஊர்கள். ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் அவை அக்கம்பக்கத்துக் கிராமங்களை விழுங்கி ஊதிக்கொண்டே போயின. ராவ்னோகிராடும் தன்னால் முடிந்த மட்டும் விழுங்கிக்கொண்டுதான் இருந்தது. கான்செவ் எந்தக் கூட்டத்தில் பேசினாலும், அது தேனீ வளர்ப்போர் சங்கக் கூட்டமாகவே இருந்தாலும், விரலை மடக்கி இதைச் சொல்லாமல் இறங்க மாட்டார்.

"போர் முடிஞ்சு எடுத்த கணக்குல நம்ம ஊர் முப்பத்தோராயிரம், தோழர்களே! ஐம்பத்தாறுல நாப்பத்தாறாயிரம்! அறுபத்தஞ்சுல எழுபத்திநாலாயிரம்! இந்த டிசம்பர்ல வர்ற எழுபத்தஞ்சாம் வருஷக் கணக்குல நாம யாரு?"

"லட்சம்!" என்று தேனீ வளர்ப்போர் கத்துவார்கள்.

அவசரத்துக்குக் காரணம் பக்கத்து ஊரான கமெனெட்ஸ். அதுவும் லட்சத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. முந்திக்கொள்ளும் ஊருக்குத்தான் மின்கம்பியில் ஓடும் டிராலிபஸ் விடுவார்கள் என்று சோஃபியாவிலிருந்து ஒரு பேச்சு வந்திருந்தது. கமெனெட்ஸில் டிராலிபஸ் ஓடுவதைக் கண்ணால் பார்ப்பதைவிடக் கண்ணை மூடிவிடுவது மேல் என்று கான்செவ் வெளிப்படையாகவே சொன்னார்.

எனவே அவர் அறிவித்தார்: ஊரின் லட்சமாவது ஆளுக்கு மூன்று அறையும் பால்கனியும் கொண்ட புது வீடு ஒன்று. சதுக்கத்தில் ஒரு பெரிய பலகையை நிறுத்தினார். தினமும் காலையில் எழுத்தர் கீரோவ் ஏணியில் ஏறி அன்றைய எண்ணிக்கையை மாட்டுவார். கீழே கூட்டம் கால்பந்து ஆட்டம் பார்ப்பதுபோல ஆர்ப்பரிக்கும். ஊரைவிட்டுப் போக விரும்பியவர்களின் விண்ணப்பங்கள் அலமாரியில் தூங்கின. அக்டோபர் கடைசி வாரத்தில், எண்ணிக்கை லட்சத்தை நெருங்கியதும், புதிதாகக் குடியேற வந்தவர்களின் பதிவையும் கான்செவ் நிறுத்திவைத்தார். லட்சமாவது ஆள் மீசை வைத்த வெல்டராக அமைந்துவிட்டால் பத்திரிகையில் படம் எடுப்பாக இருக்காது. அவருக்குக் குழந்தைதான் வேண்டும். பெரிய டாக்டரைக் கூப்பிட்டு, "இந்த வாரம் யாரும் சாகக் கூடாது" என்றும் சொல்லிவைத்தார்.

"முயற்சி பண்றேன், தோழரே. ஆனா நோயாளிங்க எல்லாரும் கட்சி உறுப்பினர் இல்லையே" என்றார் டாக்டர்.

வியாழக்கிழமை காலை பலகையில் 99,998 என்று இருந்தது. அன்று காலையில்தான் வெனெத்தாவுக்கு வலி எடுத்தது.

பிரசவ ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி அறையில் இன்னொரு கட்டிலும் இருந்தது. அதில் எவெலினா படுத்திருந்தாள். கான்செவின் மனைவிக்கு அண்ணன் மகள். சோஃபியாவில் வாழ்க்கைப்பட்டவள். காற்று நன்றாக இருக்கிறதென்று பிரசவத்துக்கு இங்கே வந்திருந்தாளாம். டயர் தொழிற்சாலை இருக்கிற ஊருக்குக் காற்று வாங்க வந்தவள் உலகத்திலேயே இவள் ஒருத்திதான் என்று வெனெத்தா நினைத்துக்கொண்டாள். எவெலினாவின் தலைமாட்டில் ஆரஞ்சுப் பழங்கள் குவிந்திருந்தன. புத்தாண்டுக்கு மட்டும் கடைக்கு வருகிற பழம் அது.

மருத்துவச்சி மின்கா இருவரையும் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் மதியத்துக்குள்ள பெத்துடுவீங்க. கணக்கு தெரியுமில்ல? மொதல்ல பெக்கறவ பிள்ளை தொண்ணூத்தொம்பதாயிரத்துச் சொச்சம். அதுக்கு ஒரு ரோஜாப்பூ. ரெண்டாவதா பெக்கறவ பிள்ளைக்கு வீடு."

இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் கால்களை நெருக்கி வைத்துக்கொண்டார்கள்.

"அடிப் பாவிங்களா!" என்றாள் மின்கா. "முப்பது வருஷமா இந்த வேலை பாக்கறேன். 'முக்கு, முக்கு'ன்னு கத்தித்தான் பழக்கம். இப்படி ஒரு போட்டியை நான் கண்டதே இல்ல."

ஆஸ்பத்திரிக்குள் ஆண்களுக்கு அனுமதி கிடையாது. எல்லா ஊர்களிலும் உள்ளதுபோலத் தகப்பன்மார்கள் முற்றத்தில் நின்று மாடி ஜன்னலைப் பார்த்துக் கத்த வேண்டும். சாப்பாட்டைக் கயிற்றில் கட்டிய கூடையில் போட்டால் மேலே இழுத்துக்கொள்வார்கள். அன்று முற்றத்தில் பாதி ஊர் கூடியிருந்தது. பித்தளை வாத்தியக் குழு ஒன்று வெயிலில் காத்துக்கொண்டிருந்தது. ஏணியையும் எண் அட்டைகளையும் பலகையையும் கீரோவ் இங்கேயே தூக்கி வந்துவிட்டார்.

"வெனே!" என்று கீழேயிருந்து ட்ராகோமிரின் குரல் வந்தது. "வெனே, புடிச்சுக்கோ! விட்டுடாதே! கதவை நினைச்சுக்கோ!"

"எவெலினா கண்ணு!" என்றது கான்செவின் கனத்த குரல். "ஒன்னும் அவசரமில்லடா! பொறுமையா இரு! ஆரஞ்சு சாப்பிடு!"

வெனெத்தா பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். "உனக்குத்தான் சோஃபியாவுல வீடு இருக்கே. இது எதுக்கு உனக்கு?"

"கோடைக்கு வந்து தங்கலாம்னு மாமா சொன்னார்" என்றாள் எவெலினா, மூச்சு வாங்கியபடி. "இல்லேன்னா குளிர்காலக் கோட்டெல்லாம் வச்சுக்கலாம்."

கோட்டு! மூன்று அறை, மூன்று கதவு, அதற்குள் கோட்டுகள் கால் நீட்டிப் படுத்திருக்கப்போகின்றன. வெனெத்தாவுக்கு எங்கிருந்தோ ஒரு பலம் வந்தது. அடுத்த வலியை அவள் அசையாமல் விழுங்கினாள். எவெலினாவின் நெற்றியில் வியர்வை அரும்பியது. 'தோற்கப்போகிறாள்' என்று வெனெத்தாவுக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம்தான். கொஞ்சமே கொஞ்சம்.

அப்போதுதான் முற்றத்தில் மாமியாரின் குரல் எழுந்தது.

"ஏண்டி வெனெத்தா! கூடையை எறக்குடி! கோழி சூப்பு ஆறிப்போகுது!"

"அத்தை, இப்போ வேணாம்!" என்று வெனெத்தா முனகினாள். அது கீழே கேட்கவில்லை.

"யாரும்மா அது?" என்று கான்செவ் அதட்டுவது கேட்டது. "அமைதியா இருங்க! உள்ளே ஊரோட முக்கியமான காரியம் நடந்துக்கிட்டிருக்கு!"

"ஊரோட காரியமா? ஏன்யா, நீ என்னமோ வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்கறதைப் பாத்தா உனக்குத்தான் மொதல்ல வலி எடுக்கும் போலிருக்கே! மேல போய்ப் படுத்துக்கோ, எடம் இருக்கும்!"

முற்றமே கொல்லென்று சிரித்தது. டிரம்பெட்காரன் சிரித்த சிரிப்பு அவன் வாத்தியத்தின் வழியாகவே வெளியே வந்தது.

"யாரு நீங்க? உங்க பேர் என்ன? எந்தத் தெரு?" கான்செவ் சீறினார்.

"எனக்கேதுய்யா தெரு? நான் விருந்தாளி!"

வெனெத்தாவால் முடியவில்லை. உதட்டைக் கடித்தாள், தலையணையைக் கடித்தாள். ஆறு வருஷத்து விருந்தாளி, ரப்பர் குழாய், கான்செவின் வயிறு எல்லாமாகச் சேர்ந்து தொண்டைக்குள் முட்டின. சிரிப்பு ஒரு குலுங்கலாக வெடித்தது. அந்தக் குலுங்கலோடு குழந்தையும் புறப்பட்டுவிட்டது.

"போச்சு!" என்றாள் மின்கா, ஓடி வந்து. "இனிமே யாராலயும் நிறுத்த முடியாது. முக்குடி!"

பெண் குழந்தை. நல்ல கறுத்த முடி. ஜன்னலைத் திறந்து மின்கா கத்தியதும் கீரோவ் ஏணியில் ஏறி 99,999 என்று மாட்டினார். கூட்டம் கை தட்டியது. ஒரு ரோஜாப்பூ கூடையில் ஏறி மேலே வந்தது. வெனெத்தா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். குழந்தையின் முகத்தைப் பார்த்தால் சந்தோஷம். ரோஜாப்பூவைப் பார்த்தால் திரை. ஊரெல்லாம் வாய்மூடி நின்ற நேரத்தில் வாயைத் திறந்து தன் கதவைத் தட்டிப் பறித்துவிட்டாள் அந்தக் கிழவி. வீட்டுக்குப் போனதும் அந்த ரப்பர் குழாயை வெட்டிப்போடுவதென்று அவள் அங்கேயே முடிவு செய்தாள்.

எவெலினாவுக்கு இனி அடக்கிக்கொள்ள வேண்டியதில்லை. சுருட்டிவைத்த கம்பளம் விரிவதுபோல ஒரு பையன் வந்து சேர்ந்தான். வாத்தியக் குழு முழங்கியது. துணை மந்திரி சாவியைக் கொடுக்க சோஃபியாவிலிருந்து காரில் வந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னாலேயே வந்துவிட்ட வானொலிக்காரர் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, ஒலிப்பதிவுக் கருவியோடு அறைக்குள் நுழைந்தார். அவர் பேசுவது முற்றத்துக்கும் கேட்கட்டும் என்று ஜன்னலைத் திறந்துவைத்தார்கள்.

"நேயர்களே, ராவ்னோகிராடின் லட்சமாவது குடிமகனின் தாய் இதோ! சொல்லுங்க தோழி, இந்த அழகான ஊர்ல நீங்க எந்தத் தெருவுல குடியிருக்கீங்க?"

"இந்த ஊர்லயா?" எவெலினா தலையணையிலிருந்து நிமிர்ந்தாள். பிரசவ வலியில்கூட அவளுக்கு இத்தனை கோபம் வரவில்லை. "நான் சோஃபியாக்காரி! என் பதிவு சோஃபியாவுல இருக்கு. சும்மா கிடைச்சுதுன்னு நினைச்சீங்களா? ஜனங்க பத்து வருஷம் காத்துக் கெடக்கறாங்க. எங்க மாமா ரெண்டு பன்னித்தொடை, ஒரு பீப்பா ராக்கியா சாராயம் அனுப்பி வாங்கிக் கொடுத்தார்! மாமா, சொல்லுங்களேன்!"

முற்றத்தில் மாமா தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஏணியின் உச்சியில் ஒன்றையும் ஐந்து பூஜ்யங்களையும் கையில் பிடித்து நின்ற கீரோவ் மெல்லக் கீழே பார்த்தார். "தோழரே, பிள்ளைக்குப் பதிவு தாயோட ஊர்லதான்…"

"தெரியும்."

"அப்ப இந்தப் பிள்ளை சோஃபியாக் கணக்குல போயிடும்."

"தெரியும்னு சொன்னேனில்ல!"

"அவங்க பத்து லட்சத்தை நெருங்கிட்டாங்க தோழரே. ஒன்னு கூடினது அவங்களுக்குத் தெரியக்கூட தெரியாது."

கான்செவ் தொப்பியைக் கழற்றி அதற்குள் பார்த்தார். அதற்குள்ளும் ஆள் யாரும் இல்லை. வாத்தியம் ஒவ்வொன்றாக நின்றது. கடைசியாகப் பெரிய மேளம் தனியே இரண்டு அடி அடித்துவிட்டு வெட்கப்பட்டு ஓய்ந்தது. மந்திரியின் கார் டயர் தொழிற்சாலை வளைவைத் தாண்டிவிட்டதாக ஒருவன் ஓடி வந்து சொன்னான்.

பதிவை நிறுத்திவைத்தவர்களைத் தேடிப் பிடிக்க இனி நேரமில்லை. கான்செவ் ஏணியின் முதல் படியில் ஏறிக் கூட்டத்தைப் பார்த்தார்.

"தோழர்களே! இந்த ஊர்ல குடியிருந்துக்கிட்டே பதிவு பண்ணாம இருக்கிறவங்க யாராவது இருக்கீங்களா?"

அங்கே நின்றவர்களில் அப்படிப்பட்டவர்கள் எத்தனையோ பேர். ஆனால் பதிவில்லாமல் குடியிருந்தால் அபராதம். சிலர் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். மேளக்காரன் மேளத்துக்குப் பின்னால் குனிந்துகொண்டான்.

"அபராதம் கிடையாது! என் வாக்கு!"

அதற்குப் பிறகு இன்னும் சிலர் செருப்பைப் பார்த்தார்கள்.

மாடி ஜன்னலில் குழந்தையோடு வந்து நின்றிருந்த வெனெத்தாவின் கண் கூட்டத்தைத் துழாவி ஓர் இடத்தில் நின்றது. சுவரோரம் சூப்புப் பாத்திரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, சூரியகாந்தி விதை கொறித்தபடி, ஊர் கெட்டால் எனக்கென்ன என்று நின்றிருந்தாள் ஸ்லாத்தா. வாயைத் திறந்தால் வீடு கிடைக்கும். ஆனால் யாருக்கு? மூன்று அறையும் மாமியார் பேரில். திரைக்கு அப்பால் இருப்பவள் வீட்டுக்கே சொந்தக்காரி ஆகிவிடுவாள். இப்போதாவது அவளை விருந்தாளி என்று சொல்லிக்கொள்ளலாம்.

அவள் சும்மா இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். அதற்குள் குழந்தை அவள் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீறிட்டு அழுதது. இந்த அழுகையும் அந்தக் குளுகுளுவும் ஒரே அறையிலா!

"அத்தை!" என்று கத்தினாள். "நீங்கதான் பதிவில்லாம இருக்கீங்களே! சொல்லுங்க!"

முற்றம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஸ்லாத்தா விதைத் தோலைத் துப்பினாள்.

"வாயை மூடுடி. எனக்கு ஊர்ல பிளம் மரம் இருக்கு."

கான்செவ் அவள் முன்னால் கிட்டத்தட்ட மண்டியிட்டார். "அம்மா! தாயே! நீங்க இங்க எவ்வளவு காலமா இருக்கீங்க?"

"ஆறு வருஷம். யாரும் போகச் சொல்லல."

"இப்பவே பதிவு பண்ணிக்குங்க! மூணு அறை!"

"பன்னி வளக்க விடுவீங்களா?"

"மூணாவது மாடியிலயா?"

"அப்ப வேணாம்."

"பால்கனி இருக்கு, அம்மா!"

ஸ்லாத்தா கொறிப்பதை நிறுத்தினாள். "பீப்பா நிக்குமா?"

"ரெண்டு பீப்பா நிக்கும்!"

"வெயில் படக் கூடாது. முட்டைக்கோஸ் கெட்டுடும்."

"வடக்குப் பாத்த பால்கனி, தாயே! வருஷம் பூரா வெயிலே வராது! அதைப் பத்தி ஏற்கனவே மூணு பேர் புகார் பண்ணியிருக்காங்க!"

ஸ்லாத்தா யோசித்தாள். மந்திரியின் காரின் ஹாரன் சத்தம் கேட்டது. "எங்க கையெழுத்து போடணும்?" என்றாள்.

கான்செவின் முதுகையே மேசையாக வைத்து அவள் கையெழுத்திட்டாள். கீரோவ் பூஜ்யங்களை மாட்டி முடிக்கவும் மந்திரி காரிலிருந்து இறங்கவும் சரியாக இருந்தது. லட்சமாவது ஆளுக்கென்று நீல நாடா கட்டிய குழந்தைத் தள்ளுவண்டி ஒன்று தயாராக இருந்தது. அதை மந்திரி, அறுபத்துமூன்று வயதான, முன்பல் ஒன்று இல்லாத பெண்மணியிடம் ஒப்படைக்க நேர்ந்தது. அவர் கொஞ்சம் குழம்பினாலும் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். ஸ்லாத்தா தள்ளுவண்டியில் சூப்புப் பாத்திரத்தை வைத்து, ஆடாமல் இருக்க நாடாவால் கட்டினாள். மறுநாள் பத்திரிகையில் அந்தப் படம்தான் வந்தது.

ஆட்கள் கலைந்த பிறகு ட்ராகோமிர் ஜன்னலுக்குக் கீழே வந்து குதித்தான். "வெனே! நமக்கு வீடு கிடைச்சாச்சு!"

"என்னடா 'நமக்கு'?" என்றாள் பின்னால் வந்த ஸ்லாத்தா. "காகிதத்துல என் பேருதான் இருக்கு."

வெனெத்தா கண்ணை மூடிக்கொண்டாள். வரப்போவது இதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

"அம்மா, மூணு அறை…"

"ஆமா. ஒன்னுல நான் படுப்பேன். ஒன்னுல உக்காருவேன். இன்னொன்னு சும்மா கெடக்கும். எப்பவாவது எட்டிப் பாத்துக்குவேன்." ஸ்லாத்தா மாடியைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "ஏண்டி, திரைக்கு அந்தப் பக்கம் உனக்கு மட்டும்தான் கஷ்டம்னு நினைச்சியா? மூணு வருஷம்! இவன் குறட்டை, உன் குசுகுசு! காதைப் பொத்திக்கவும் முடியாம, நான் முழிச்சிருக்கேன்னு உங்களுக்குத் தெரியட்டுமேன்னு ராத்திரியெல்லாம் ஊதி ஊதி என் நெஞ்சே காஞ்சு போச்சு. முட்டைக்கோஸுக்கு அவ்வளவு ஊதணும்னு எவ சொன்னா?"

வெனெத்தா கண்ணைத் திறந்தாள். "அத்தை, அப்ப அது… எங்களுக்காகவா?"

"பின்ன? இருமினா மரியாதையா இருக்குமா?"

சரிந்துவிடாமல் இருக்க வெனெத்தா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அன்று இரண்டாம் முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த முறை அடக்க வேண்டிய அவசியம் இல்லை.

"ஒன்னே ஒன்னு" என்றாள் ஸ்லாத்தா. "அந்தப் பழைய ரூமை உங்களுக்கு விட்டுட்டுப் போறேன். பிள்ளைக்கு என் பேரை வைக்கணும்."

வெனெத்தா இஸ்க்ரா என்று பேர் யோசித்து வைத்திருந்தாள். ஒரு கணம் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். "வச்சாச்சு அத்தை" என்றாள். "பீப்பாயை எப்ப எடுத்துக்கிட்டுப் போறீங்க?"

டிசம்பரில் கணக்கெடுப்பு வந்தது. ஊர் முழுக்கக் கணக்காளர்கள் வீடு வீடாக ஏறி இறங்கி, பதிவைப் பார்க்காமல் தலையைப் பார்த்து எண்ணினார்கள். அப்போதுதான் ஊரில் எத்தனை விருந்தாளிகள் என்பது வெளியே வந்தது. மேளக்காரன் உட்பட ஐயாயிரத்துச் சொச்சம் பேர். லட்சத்தை ராவ்னோகிராட் என்றைக்கோ தாண்டியிருந்தது. உண்மையான லட்சமாவது ஆள் யாரென்று யாருக்கும் தெரியாது. கான்செவுக்கு வட்டம் கிடைத்தது. கமெனெட்ஸுக்கும் கிடைத்தது. டிராலிபஸ் இரண்டு ஊருக்கும் கிடைக்கவில்லை.

வெனெத்தாவின் அறைக்கு வந்த பெண் கணக்காளர் காகிதத்தை விரித்துக்கொண்டார். நடுவில் கம்பி மட்டும் இருந்தது, திரை இல்லை. அந்தத் துணி இப்போது வடக்குப் பார்த்த பால்கனியில் பீப்பாய்க்குப் போர்வையாகிவிட்டது. அறைக்கதவின் உள்பக்கம் புதுத் தாழ்ப்பாள் ஒன்று பளபளத்தது.

"எத்தனை பேர்?"

"மூணு" என்றாள் வெனெத்தா. சொல்லும்போதே நாக்கு இனித்தது.

கணக்காளரின் பார்வை மூலையில் போய் நின்றது. அங்கே ஸ்லாத்தா கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பேரக்குழந்தை ஸ்லாத்தாவை மடியில் போட்டுக்கொண்டு விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க?"

வெனெத்தா வாயைத் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"நான் விருந்தாளி" என்றாள் ஸ்லாத்தா. "மகனைப் பாக்க வந்திருக்கேன்."

"எப்ப வந்தீங்க?"

"நேத்து."

"எப்ப போவீங்க?" என்று இந்த முறை கேட்டது வெனெத்தா.